பின்னத்த பாத்தாலே கிராஸ் மல்டிப்ளையா? போதும்ப்பா!

வணக்கம் மக்களே. இன்னைக்கு போட இருந்தது வேற வீடியோ. காலைல இருந்து ஒரே ரீல்ஸ மாத்தி மாத்தி அனுப்பி "அக்கா இது சரியா"ன்னு கேட்டு என் பிபிய ஏத்திட்டீங்க. சமன்பாட்டுல பின்னம் வந்தா கண்ண மூடிட்டு கிராஸ் மல்டிப்ளை பண்ணணுமாம், அதாவது ஒரு பக்கத்துல மேல இருக்குறத மறுபக்கத்துல கீழ இருக்குறதால குறுக்க பெருக்கணுமாம். கண்ண மூடிட்டு! எனக்கு ஷார்ட்கட்டுன்னாலே ஆகாது, உங்களுக்கே தெரியும், இதுல அந்த மியூசிக் வேற.

சரி போர்டுக்கு வாங்க... மார்க்கர் எழுதல. நேத்து வாங்குனதுங்க, 40 ரூபா, கடையில பச்சையில இது ஒன்னுதான் இருந்துச்சு, நான்தான் பச்சைய விட்டா வேற தொட மாட்டேனே. கடைக்காரரு மூடிய தொறந்து எழுதியே காட்டினாரு, அப்ப ஜம்முனு எழுதுச்சு! தலகீழா புடிச்சு ஒரு உதறு... ஆங், வந்துடுச்சு!

கணக்கு இதான். எக்ஸ் மைனஸ் 2, கீழ 3. அதுல இருந்து எக்ஸ் மைனஸ் 5, கீழ 4, இத கழிக்கணும். ஈக்குவல் டு 1. இதுல எங்க கிராஸ் பண்ணுவீங்க? அது இந்தப் பக்கம் ஒத்த பின்னம், அந்தப் பக்கம் ஒத்த பின்னம் இருந்தா மட்டும்தான். இங்க ரெண்டும் ஒரே பக்கம் நிக்குது, நடுவுல மைனஸ். அதனால 3க்கும் 4க்கும் மீ.பொ.ம, அதான் மீச்சிறு பொது மடங்கு, 12, எல்லா உறுப்பையும் 12ஆல பெருக்குங்க, பின்னமே போயிடும். 4எக்ஸ் மைனஸ் 8, மைனஸ் 3எக்ஸ் பிளஸ் 15, ஈக்குவல் டு 12. எக்ஸ் பிளஸ் 7 ஈக்குவல் டு 12, எக்ஸ் 5. முடிஞ்சுது.

இருங்க இருங்க, பிராக்கெட்ட சொல்லவே இல்ல! பெருக்குறதுக்கு முன்னாடியே தொகுதிக்கு, அதான் பின்னத்துல மேல இருக்குறதுக்கு, பிராக்கெட் போட்டுருங்க. இல்லன்னா அந்த பிளஸ் 15 மைனஸ் 15ஆ நின்னு, விடை 35னு வரும்.

இன்னொன்னு, வலது பக்க 1ஐ பெருக்காம விடுறது. அப்ப எக்ஸ் ஈக்குவல் டு மைனஸ் 6னு வரும். அத கணக்குல திருப்பிப் போட்டுப் பாருங்க, 1 வர வேண்டிய இடத்துல 12ல 1 வருது! எங்க கோட்ட விட்டோம்னு அந்த 12ஏ காட்டிக்குடுக்குது, எனக்கு இது அவ்ளோ புடிக்கும். 5ஐ போட்டா முதல் பின்னம் 1, ரெண்டாவது சைபர், கச்சிதம். அந்த ரீல்ஸ்ல விடைய சரிபாக்கவே இல்ல, அதான் எனக்கு செம கடுப்பு.

உங்களுக்கு ஒரு பழைய கிரேக்கக் கணக்கு தரேன், டயோஃபாண்டஸ்ங்கற கணித அறிஞரோட வயசப் பத்துன கணக்கு. அவரு ஆயுசுல 6ல 1 பங்கு சின்னப்புள்ள, அப்புறம் 12ல 1 பங்கு போயி தாடி, அப்புறம் 7ல 1 பங்கு போயி கல்யாணம், 5 வருஷத்துல பையன், பையன் வாழ்ந்தது அப்பா ஆயுசுல பாதி, பையன் போயி 4 வருஷத்துல இவரும் போயிட்டாரு. மொத்தம் எத்தன வயசு? பகுதிக்கெல்லாம், அதான் பின்னத்துல கீழ இருக்குற எண்ணுக்கெல்லாம், மீ.பொ.ம எடுத்தீங்கன்னா ஒரு வேடிக்க இருக்கு, சொல்ல மாட்டேன். கமெண்ட்ல வெறும் விடைய போட்டா ஒத்துக்க மாட்டேன், ஸ்டெப் வேணும்.