குரூப்பில் போட்டால் சொன்ன மாதிரி ஆகுமா?

சரி, அடுத்த கேள்வி. கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பேரனுக்குக் காது குத்தும் தேதியைப் பத்து நாள் முன்னாலேயே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்களாம், எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்களாம், பெரியப்பா மட்டும் "எனக்கு யார் சொன்னது?" என்று விசேஷத்துக்கே வரவில்லையாம். போன வீடியோவில் நான் சொன்ன மாதிரி வீட்டில் நடந்ததையெல்லாம் வருடத்துக்கு ஒரு கடிதமாக எழுதி எல்லோருக்கும் அனுப்பினால் இந்த வருத்தம் தீருமா என்கிறார்.

தீராதுங்க. அது வேறு, இது வேறு. விசேஷத்துக்கு அழைப்பது என்றால் நேரில் போக வேண்டும், முடியாவிட்டால் போனில் பேச வேண்டும், அதிலும் பெரியவர்களுக்கு முதலில். குரூப்பில் போட்டது ஊருக்குச் சொன்ன கணக்கு, பெரியப்பாவுக்குச் சொன்ன கணக்கு இல்லை. அவர் அதைப் பார்த்தே இருப்பார், கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துக்கூட இருப்பார். ஆனாலும் நீங்கள் கூப்பிடவில்லைதானே? இதில் நான் பெரியப்பா கட்சி.

வருடக் கடிதம் எதற்கு என்றால், நடந்தது நடந்தபடி ஓர் இடத்தில் இருப்பதற்கு. நம் ஆட்களுக்கு எழுதி வைக்கிற பழக்கமே இல்லை என்று சொல்பவர்களிடம் நான் மொய் நோட்டைக் காட்டுவேன். முப்பது வருடம் முன்னால் எந்த ஊர்க்காரர் எவ்வளவு எழுதினார் என்று சட்டென்று எடுத்துச் சொல்லிவிடுவோம், பிள்ளை எந்த மாதம் நடந்தான் என்று கேட்டால் முழிப்போம். குரூப்பில் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, குட் மார்னிங் ரோஜாப்பூவுக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது, போன் மாற்றினால் அதுவும் இல்லை.

நான் செய்வது ரொம்பச் சின்ன வேலை. சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. தினசரி கிழிக்கிற காலண்டர் உதவாது, எழுதியதையும் சேர்த்துக் கிழித்துப் போட்டுவிடுவோம். சிலிண்டர் மாட்டிய தேதி, பால் வராத நாள் எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் எழுதுவேன். 2025 ஜனவரியிலிருந்து அதே கட்டத்தில் வீட்டு விஷயமும் எழுத ஆரம்பித்தேன். "அப்பா கண் ஆபரேஷன், வலது." "பாப்பா பிடிக்காமல் நின்றாள்." "தம்பி வீடு மாறினான்." இரண்டு மூன்று வார்த்தைதான், அதற்கு மேல் கட்டத்தில் இடமும் கிடையாது. டிசம்பர் கடைசியில் பன்னிரண்டு தாளையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கடிதம் பாதி எழுதின மாதிரிதான்.

அப்புறம், எதை எழுதுவது? முதல் மார்க், சம்பள உயர்வு, புதுக் கார், இதை மட்டும் எழுதினால் வாசிக்கிறவருக்கு வயிறு எரியும், அவ்வளவுதான் பிரயோசனம். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பாம்பன் புதுப் பாலம் திறந்தார்கள் இல்லையா, ஜூனில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து ராமேசுவரத்துக்கு ரயிலில் போனோம். பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள், அதற்கப்புறம் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது, அதனால் அப்பா இரண்டு வருடமாகக் காத்திருந்தார். எண்பது வயது, ஜன்னல் ஓரம்தான் வேண்டும் என்று பிடிவாதம். பாலத்தில் ஏறியதும் தம்பி பிள்ளைகள் எல்லோரும் கடலைப் படம் பிடிக்கிறார்கள், நான் மெல்போர்னில் இருக்கிற மகளுக்கு வீடியோ கால் போடுகிறேன், சிக்னல் வந்து வந்து போகிறது. அப்பா மட்டும் பக்கத்தில் நிற்கிற பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். 1914-இல் திறந்த பாலம் அது. திடீரென்று சொன்னார், "கல்யாணமான புதுசுல வந்தோம். பாலம் தாண்டுற வரைக்கும் உங்கம்மா கண்ணைத் திறக்கல. என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தா, அக்கரை வந்து பார்த்தா பித்தானே இல்லை." அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது, இதை நாங்கள் யாருமே கேட்டதில்லை. கடல் வீடியோ ஐந்து பேர் போனில் இருக்கிறது, அப்பா சொன்னது ஒருவர் போனிலும் இல்லை. அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து ரயில் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன். ராமேசுவரம் போனோம், தீர்த்தமாடினோம் என்று எழுதுவதை விட அந்தப் பித்தான் விஷயத்தை எழுதுங்கள் என்கிறேன்.

கெட்டதையும் எழுத வேண்டும். எங்கள் ஆச்சி காலத்தில் நல்ல சேதிக் கடிதம் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வரும், சாவுக் கடிதம் கறுப்புத் தடவி வரும். கறுப்புத் தடவியதைப் படித்த உடனே கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டில் வைக்க மாட்டார்கள். விளைவு என்ன தெரியுமா? ஆச்சியின் தகரப் பெட்டியில் கல்யாணம், பிள்ளை பிறந்தது எல்லாம் இருக்கிறது, ஒரு சாவு கூட இல்லை. தாத்தாவுக்குத் திதி கொடுக்க ஆவணி தேய்பிறை அஷ்டமி என்று தெரியும், எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. நிலப் பத்திர வேலைக்கு இறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டபோது நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். தேதி, மாதம், வருடம், ஊர், நான்கும் எழுதுங்கள்.

ஆனால் அடுத்தவர் விஷயத்தை அவரிடம் கேட்காமல் எழுதாதீர்கள். நான் சூடு பட்டிருக்கிறேன். கொழுந்தனாருக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்ததை எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன், அவர் மாமியாரிடம் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்ததாகச் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு மாதம் எனக்குப் போனே வரவில்லை. மருமகள் உண்டாகியிருப்பதும் அப்படித்தான், மூன்று மாதம் முடிந்து அவளே சொல்லட்டும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்கிறார்கள். மகளோடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் பேசுவோம், மெல்போர்னில் அப்போது எட்டரை, பாப்பா முழித்திருப்பாள். அக்டோபர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், அப்புறம் நம் நான்கு மணி அவர்களுக்கு ஒன்பதரை. இது தெரியாமல் இரண்டு வாரம் தூங்குகிற குழந்தையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது ஏப்ரல் வரைக்கும் மூன்று மணி என்று மாற்றிவிட்டோம், அதையும் காலண்டரில்தான் எழுதியிருக்கிறேன்.

கடிதம் இரண்டு பக்கம் போதும். பெரியவர்களுக்குப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தபாலில் போடுங்கள், ஸ்டாம்ப் ஒட்டியது வந்தால் அவர்கள் முகமே வேறு. நான் பொங்கல் கழித்து அனுப்புவேன், அந்தக் காலப் பொங்கல் வாழ்த்து மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்.

கோயம்புத்தூர் அம்மாவுக்கு, கடிதமெல்லாம் அப்புறம். முதலில் பழம் வாங்கிக்கொண்டு பேரனையும் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போங்கள், படத்தை போனில் காட்டாதீர்கள், நாலு படம் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். மொய் நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார், அது பெரிய கதை, அடுத்த வாரம் பேசலாம். வரட்டுமா?