புளோக்குக்குக் கீழே ஒரு பிடி சோறு

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் பாத் என்று ஓர் ஊர், குளோஸ்டர் என்று இன்னோர் ஊர். இரண்டுமே கடற்கரை ஊர்கள் இல்லை. ஆனாலும் அங்கே கோடைக்காலம் வந்தால் வீட்டுக் கூரைகளில் கடற்காகங்கள் கூடு கட்டிவிடும். விடியும் முன்பே கத்தும், கையில் இருக்கும் சாண்ட்விச்சைப் பிடுங்கும், குப்பைப் பையைக் கிழிக்கும். சுற்றிலும் கடல் உள்ள நம் சிங்கப்பூரிலோ கடற்காகத்தைப் பார்ப்பதே அபூர்வம். வடக்கே குளிர்காலமாக இருக்கும்போது ஒன்றிரண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டால் பறவை ஆர்வலர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

ஆக, ஒரு பறவை ஊருக்குள் வருவதும் வராததும் கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது இல்லை. சாப்பாடு எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் நகர மன்றத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மின்தூக்கி, நீர்க்கசிவு, இவற்றுக்கு அடுத்து எங்களுக்கு அதிகம் வந்த புகார் பறவைகளைப் பற்றித்தான். அத்தனை புகாரையும் கேட்ட பிறகு என் மனத்தில் தங்கியது இந்த ஒரு விஷயம். அதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் அந்தக் கடற்காகங்களின் கதை. 1956ஆம் ஆண்டு பிரிட்டனில் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. அதுவரை குப்பைமேடுகளில் குப்பையைக் கொளுத்திவந்தார்கள். புகை கூடாது என்றானதும் கொளுத்துவதை நிறுத்தி, அப்படியே கொட்ட ஆரம்பித்தார்கள். மனிதர் தின்று மீந்ததெல்லாம் மலை மலையாகக் கிடந்தது. பறவைகள் அதைத் தேடி உள்நாட்டுக்குப் போயின. நரி ஏற முடியாத உயரமான கூரைகள் இருந்தன, கூடு கட்டத் தோதாகப் போயிற்று. ஆனால் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால், அப்படிக் கூரையில் கூடு கட்டும் ஹெர்ரிங் கடற்காகம் என்ற இனம் பிரிட்டனில் குறைந்துகொண்டே வந்து, இன்று ஆபத்தில் உள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அங்கே 1981ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் அதன் கூட்டைக் கலைக்கக்கூடாது. தெருவில் தொல்லை, கணக்கில் அருகிவரும் இனம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு.

நம்மிடம் திறந்த குப்பைமேடு இல்லை. குப்பையை எரித்துவிடுகிறோம். சாம்பலும் எரிக்க முடியாத கழிவும்தான் கழிவு கொட்டும் செமக்காவ் தீவுக்குப் போகின்றன. லோரோங் ஹாலுஸ் குப்பைமேட்டை 1999இலேயே மூடிவிட்டார்கள். அப்படியென்றால் இத்தனை மைனாவும் புறாவும் காகமும் எதைத் தின்று வாழ்கின்றன? நாம் மேசையில் விட்டுப்போவதை. நாமாகக் கொண்டுபோய் வைப்பதை.

உங்கள் வட்டார உணவங்காடி நிலையத்தில் அடுத்த முறை உட்காரும்போது ஒரு மைனாவைக் கவனித்துப் பாருங்கள். கரும் சாம்பல் உடம்பு, மஞ்சள் அலகு, மஞ்சள் கால், அலகுக்கு மேலே சின்னதாக ஒரு கொண்டை, பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு. அதுதான் ஜாவா மைனா. பக்கத்து நாற்காலியின் முதுகில் வந்து உட்காரும். நீங்கள் சாப்பிடும் வரை அசையாது. நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டதும் தலையைச் சாய்க்கும். நீங்கள் திரும்பி இரண்டு அடி வைத்தால் போதும், தட்டின் விளிம்பில் நிற்கும். முதலில் சோற்றைத் தொடாது. கோழித்தோல் இருந்தால் அதைத்தான் இழுக்கும். இன்னொன்று வந்து சேர்ந்தால் இரண்டும் சண்டை போட்டுக் குழம்புக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடும்.

பறவைகள் நம்மை நன்றாகவே கவனிக்கின்றன. 2019இல் எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்காகங்களின் முன்னால் ஒரு சிப்ஸ் பையை வைத்துச் சோதித்தார்கள். மனிதர் தங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவை பையை நெருங்கச் சராசரியாக 21 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டன. நம் பார்வை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துத்தான் வருகின்றன.

இந்த ஜாவா மைனா இங்கே வந்தது 1920களில், கூண்டுப் பறவையாக. யாரோ வளர்த்தது தப்பியதும் உண்டு, விட்டதும் உண்டு. இன்று இதை நம் ஊரின் மிகச் சாதாரணப் பறவைகளில் ஒன்றாக்கிவிட்டோம். அதன் சொந்த ஊரான ஜாவாவிலோ கூண்டு வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்து, காட்டில் அதைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஆர்ச்சர்ட் சாலை மரங்களில் சாயங்காலம் கூட்டம் கூட்டமாக வந்து அடையும் மைனாக்களின் சத்தம் பலருக்குத் தெரியும். கிளைகளைக் கழித்துப் பார்த்தார்கள். பறவைகள் பக்கத்து மரத்துக்குப் போயின, அவ்வளவுதான். அடர்ந்த மரமும் பக்கத்திலேயே சாப்பாடும் இருக்கும் வரை அவை ஏன் போகப்போகின்றன?

2021 செப்டம்பர் முதல் உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைக்காதவர்கள்மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கினார்கள். அப்போது பலர் சலித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், பறவைகள் விஷயத்தில் இந்த ஊர் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று. மேசை காலியாக இருந்தால் மைனா பூச்சியைத் தேடிப் புல்வெளிக்குப் போகும். அங்கே அதன் வேலையே வேறு.

அப்புறம் காகம். மலாயாவில் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லை என்று 1900களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வீட்டுக் காகத்தைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். நம் முன்னோர் பலர் வந்திறங்கிய அதே துறைமுகப் பக்கம்தான். அங்கிருந்து பரவி இங்கே வந்து சேர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் காகங்களின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியிருந்தது. சுட்டார்கள், கூடுகளைக் கலைத்தார்கள், குப்பைத் தொட்டிகளுக்கு ஒழுங்காக மூடி போட்டார்கள். 2016 வாக்கில் பத்தாயிரம் அளவுக்குக் குறைந்தது. ஆனால் இத்தனை அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே துப்பாக்கியோடு எத்தனை காலம் நடக்க முடியும்? 2020இல் சுடுவதை நிறுத்தினார்கள். 2023 தொடக்கத்தில் பீஷானில் நடந்துபோனவர்களின் தலையைக் காகங்கள் பின்னாலிருந்து வந்து கொத்தியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

குயிலும் இந்தக் கணக்கில் உண்டு. விடியற்காலையில் குயில் கத்தித் தூங்க முடியவில்லை என்று புகார் சொல்வார்கள். நம் ஆட்களே சொல்வார்கள். குயில் முட்டையிடுவது காகத்தின் கூட்டில். காகம் பெருகினால் குயிலும் பெருகும்.

அழித்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தைச் சொல்வேன். அங்கே 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் புறாக்களைப் பிடித்தும் சுட்டும் கொன்றார்கள். எண்ணிக்கை இருபதாயிரத்துப் பக்கமே நின்றது. சாப்பாடு குறையவில்லையே! செத்த புறாவின் இடத்தை அடுத்த குஞ்சு பிடித்துக்கொண்டது. 1988இல் வழியை மாற்றினார்கள். தீனி போடாதீர்கள், போடுவது அந்தப் பறவைக்கே கெடுதல் என்று மக்களிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். நாலே சொச்சம் ஆண்டில் கூட்டங்கள் ஏறக்குறைய பாதியாகின.

நம் ஊர்ப் புறாவுக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. வருடம் முழுக்க முட்டையிடலாம். ஒரு தடவைக்கு இரண்டு முட்டை, பதினெட்டு நாளில் குஞ்சு, இன்னொரு மாதத்தில் அது பறந்துவிடும். வயிறு நிறைந்தால் அடுத்த ஈடு உடனே. ரொட்டியும் சோறும் தின்று ஏர்கான் மேடையில் கூடு வைக்கும். எச்சம் காய்ந்து தூளாகிக் காற்றில் கலந்தால், நுரையீரல் பலவீனமானவர்களுக்கு நோய் தரும் கிருமிகள் அதில் இருக்கலாம். 2017இல் சின் மிங் பக்கம் சேவல் கூவுகிறது என்று 20 புகார் வந்ததற்காக 24 கோழிகளைக் கொன்றார்கள். பெரிய சர்ச்சையானது. அந்தக் கோழிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. பறவையைக் கொல்லச் சொல்வதற்கு முன்னால் நம் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்தோமா என்று கேட்க வேண்டும்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பேசத் தயக்கம்தான், ஆனால் தமிழர்கள் கேட்கும் வானொலியில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைப்போம். பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி வைப்போம். ஈசூனில் ஒரு அடுக்குமாடிப் புளோக்கில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். அமாவாசைதோறும் சோறு, பருப்பு, நெய், ஒரு வடை, எல்லாம் சின்ன இலைத் துண்டில் வைத்துப் புளோக்குக்குக் கீழே கால்வாய் ஓரமாக வைப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் புகார் கொடுத்து, பேசிப் பார்க்க என்னை அனுப்பினார்கள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, இது எங்க வீட்டுக்காரருக்கு வைக்கிற சோறு. காக்கா வந்து எடுக்காம எனக்குச் சாப்பாடு இறங்காதுப்பா.”

என்ன பதில் சொல்வது? சட்டத்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். 2020 ஜூனிலிருந்து வனவிலங்குச் சட்டப்படி காட்டு உயிர்களுக்கும் புறாக்களுக்கும் தீனி போட்டால் முதல் முறை 5,000 வெள்ளி வரை, மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “சரிம்மா, வெச்சதுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு கொஞ்சம் இருந்து பாப்போமா?” என்றேன். இருவரும் புளோக்கின் கீழே திறந்து கிடக்கும் வெற்றுத்தளத்தில் உட்கார்ந்தோம்.

காகம் ஒன்று வந்தது. வடையைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த நிமிடம் புறாக்கள் இறங்கின, பத்துப் பதினைந்து இருக்கும். ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு சோற்றைக் கிளறின, அந்த இலையிலேயே எச்சமிட்டன. பிறகு மைனாக்கள். கடைசியில் மிதிபட்ட பருப்பும் சோறும் தரையோடு ஒட்டிக் கிடக்க, கால்வாய்க்குள்ளிருந்து ஒரு எலி தலையை நீட்டியது. அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பங்களாதேஷ் துப்புரவு ஊழியர் ஒருவர் துடைப்பத்தோடு வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார். அம்மா அவர் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கப் பார்த்தார், அவர் கொடுக்கவில்லை.

அதன் பிறகு அவர் தன் கோயில் குருக்களிடமே கேட்டார். வீட்டில் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, அந்தச் சோற்றை வீட்டிலேயே எல்லாரும் சாப்பிடுங்கள், பித்ருக்கள் பேரில் கோயில் அன்னதானத்துக்கு அரிசி கொடுங்கள் என்று குருக்கள் சொல்லியிருக்கிறார். அப்படியே செய்தார். உங்கள் குடும்ப வழக்கம் வேறாக இருக்கலாம். உங்கள் குருக்களையும் வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்கள். முன்னோர்மீது வைத்திருக்கும் அன்பை விடச் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் சோறு வைப்பதைத்தான் விடச் சொல்கிறேன்.

பேச்சுத் துணை இல்லாமல் புறாக்களுக்கு ரொட்டி பிய்த்துப் போடும் முதியவர்களும் நம் பேட்டைகளில் உண்டு. அவர்களைப் படம் பிடித்து இணையத்தில் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுங்கள். பல பேருக்குத் தேவைப்படுவது அதுதான்.

நேரம் முடியப்போகிறது. நடைமுறைக்கு ஒன்றிரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். காகம் ஓர் இடத்தில் பாய்ந்து வருகிறது என்றால் பக்கத்தில் கூடோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். குச்சியும் கம்பியும் கலந்து கட்டிய கூட்டை மரத்தின் உச்சியில் தேடிப் பாருங்கள். கல்லெறியாதீர்கள், கையை வீசாதீர்கள். குடையை விரித்துக்கொண்டு வேறு வழியாகப் போங்கள். குடியிருப்புப் புகார்களைத் தெரிவிக்கும் ஒன்சர்விஸ் செயலியில் இடத்தைக் குறித்துத் தகவல் கொடுத்தால் வந்து பார்ப்பார்கள். குப்பையைப் பையில் கட்டிக் குப்பைத் துவாரத்துக்குள் போடுங்கள், வெளியே வைக்காதீர்கள். புல்வெளியில் பறக்கத் தெரியாமல் தத்தும் மைனாக் குஞ்சைப் பார்த்தால் வீட்டுக்குத் தூக்கிப்போக வேண்டாம். பெற்றவை பக்கத்து மரத்தில்தான் இருக்கும், தீனி கொண்டுவந்து ஊட்டும். வண்டி போகும் பாதையில் இருந்தால் மட்டும் மெதுவாக எடுத்து அருகில் உள்ள புதர் ஓரமாக விட்டுவிட்டு, நீங்கள் தள்ளிப் போய்விடுங்கள்.

நன்றி, வணக்கம்.