வால்வ் ரேடியோவுக்குப் பழைய பார்ட்ஸ் தேடும்போது

நேயர்களுக்கு வணக்கம். பரணில் கிடக்கும் மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் ரேடியோவை, அதாவது வால்வ் எனும் கண்ணாடிக் குழாய்களால் ஓடும் பழைய ரேடியோவை, மறுபடி பாட வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, 'பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?' என்றுதான். சென்னையில் ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். மற்ற ஊர்களில் பழைய ரேடியோ மெக்கானிக் கடை, காயலான் கடை. இடம் சொல்வது சுலபம். எதைப் பழசாக வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்பதுதான் தெரிய வேண்டியது.

மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சரைப் பழசாக வாங்காதீர்கள். மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர், எலக்ட்ரோலைட்டிக் இரண்டும் வருஷம் ஆக ஆகக் கெட்டுப்போகிறவை. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வில், கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குப் போகும் கண்டென்சர் லேசாகக் கசிந்தாலே வால்வ் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கும், சூடேறும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். 400 அல்லது 630 வோல்ட் தாங்கும் பாலியஸ்டர் கண்டென்சர் புதிதாகவே கிடைக்கிறது. அதையே போடுங்கள்.

வால்வுகளில் ஈ.எல். 84, ஈ.சி.சி. 83 இரண்டையும் கிட்டார், ஹைஃபை ஆம்ப்ளிஃபயர்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அதனால் ரஷ்யாவிலும் ஸ்லோவாகியாவிலும் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள். இது தெரியாமல், ஒரே ஒரு ஈ.எல். 84-க்காக நன்றாகப் பாடும் ரேடியோவைப் பிரித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மனசு ஆறவில்லை. அந்த ரேடியோவோடு போகிற ஈ.சி.எச். 81-ஐ இப்போது யாரும் செய்வதில்லையே! ஸ்டேஷனின் அலைவரிசையை ரேடியோவுக்குள் எல்லா ஸ்டேஷனுக்கும் பொதுவான ஐ.எஃப். (இடைநிலை) அலைவரிசைக்கு மாற்றுவது அந்த வால்வ்தான். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் போன்ற ஆலைகள் அந்தக் காலத்தில் செய்து வைத்த சரக்குதான் நமக்கு மிச்சம்.

கடையில் வால்வை வாங்கும் முன் கண்ணாடிக்குள் உச்சியைப் பாருங்கள். அங்கே பளபளப்பாக ஒரு பூச்சு இருக்கும். அது வெள்ளையாக வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வ் போய்விட்டது. பூச்சு நன்றாக இருந்தால், நான் சொன்ன ஒன்பது பின் வால்வுகளில் 4-ஆவது, 5-ஆவது பின்களுக்கு நடுவே மீட்டரை வைத்து, வால்வுக்குள் சூடாகும் கம்பியான ஹீட்டர் அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வால்வில் இன்னும் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பது மட்டும் ஓடும் செட்டில் மாட்டினால்தான் தெரியும்.

அப்புறம் டயல் கிளாஸ், ஸ்டேஷன் திருப்பும்போது சுழலும் கேங் கண்டென்சர், அதோடு சேர்ந்து ஸ்டேஷனைப் பிடிக்கும் காயில். இவை மூன்றும் ஒரே மாடலிலிருந்து வர வேண்டும். வேறு மாடலின் கேங்கைப் போட்டால் ரேடியோ பாடலாம், ஆனால் முள் ஓரிடம் காட்டும், ஸ்டேஷன் வேறிடத்தில் வரும். அதனால் உங்கள் மாடலிலேயே செத்துப்போன செட் கிடைத்தால் முழுசாக வாங்கி, பிரிக்காமல் வையுங்கள். தேவைப்படும்போது போட்டோ எடுத்துக்கொண்டு, தேவையானதை மட்டும் கழற்றுங்கள்.

வாங்கி வந்ததும் ஆவலில் பிளக்கில் செருகிவிடாதீர்கள். குறிப்பாக யூ.சி.எச். 81, யூ.எல். 84 என்று 'யூ'வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் அது ஏ.சி., டி.சி. இரண்டு வகை மின்சாரத்திலும் ஓடும் ஏ.சி.-டி.சி. செட். அதன் சேஸிஸ், அதாவது பாகங்கள் மாட்டிய உலோகத் தட்டு, நேரடியாக வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்திருக்கும், தொட்டால் ஷாக் அடிக்கும். பழகிய மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். வணக்கம்.