ஊசியோடு வந்த அனுபவம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காலையில் மாட்டுக் கொம்புக்கு வண்ணம் பூசிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் என் ஊர் மக்களே, வணக்கம்.

கால்நடை நோயைத் தடுக்கக் காட்டு விலங்குக்கு ஊசி போடலாம் என்றால் உழவர் தயங்குகிறார். அது அறியாமையா, அனுபவமா? அறியாமைதான் என்று சொன்ன எதிரணித் தம்பி இங்கிலாந்தைக் காட்டினார். அங்கே மாட்டுக் காசநோயைப் பரப்புவதில் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்குக்கும் பங்கு உண்டு. அதற்கான தடுப்பூசி 2010 முதல் இருந்தும் உழவர்கள் பலர் நம்பவில்லையாம்.

தம்பி, அந்த உழவர் எதையெல்லாம் பார்த்தவர் என்பதை விட்டுவிட்டீர்கள். பேட்ஜரைக் கொன்றால் நோய் குறையுமா என்று 1998இல் ஆய்வு தொடங்கினார்கள். பெரிய பயன் இல்லை என்று 2007இல் நிபுணர் குழு சொன்னது. அப்படியும் 2013இல் கொல்லத் தொடங்கினார்கள். 2020இல், படிப்படியாக நிறுத்திவிட்டு ஊசிக்கு மாறுவோம் என்றார்கள். இதற்கிடையே, காசநோய்ச் சோதனைக்கு மருந்து குத்திய கழுத்துத் தோல் தடித்த பசு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வெட்டுக்குப் போயாக வேண்டும். ஊசியோ, ஏற்கெனவே நோய் கண்ட பேட்ஜரைக் குணப்படுத்தாது. நிலக்கடலை வைத்துக் கூண்டில் பிடித்து, ஊசி போட்டு விட்டுவிட்டு, அடுத்த ஆண்டும் வர வேண்டும். "எத்தனை வருஷம் வருவீர்கள்? நடுவில் நிறுத்திவிட மாட்டீர்களே?" என்று அவர் கேட்டால் அதற்குப் பெயர் அறியாமையா?

என் வீட்டுச் செவலைப் பசுவைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தெருவில் கோமாரி நுழைந்த பிறகுதான் அந்த முறை ஊசி வந்தது. ஒரே ஊசியால் வரிசையாக எல்லா மாட்டுக்கும் குத்திக்கொண்டே போனார்கள். நான்காம் நாள் செவலையின் வாயில் நூல் நூலாக எச்சில் வழிந்தது. தேங்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த மருந்தை நாக்கில் தடவினேன். நாக்குத் தோல் உரிந்து என் விரலோடு வந்தது. குளம்பு இடுக்கில் புண். கன்று முட்ட முட்ட அது காலை உதறியது. ஊசியால்தான் நோய் வந்தது என்று தெரு முழுக்கப் பேசினார்கள். நோய் முன்பே உடம்பில் இறங்கியிருக்கலாம், ஊசி மாற்றாமல் போட்டதும் பரப்பியிருக்கலாம். அதை எங்களுக்கு விளக்க ஓர் ஆளும் இல்லை. அடுத்த முறை பாதி வீட்டில் மாட்டை அவிழ்த்து வயலுக்கு ஓட்டிவிட்டார்கள். ஐயா, அந்தப் பயத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

ஊசியே வேண்டாம் என்ற கூட்டமா நாம்? மாட்டைக் கொல்லும் வெக்கை நோய் என்ற பெயரைக் கேட்டாலே நம் தாத்தாக்கள் நடுங்குவார்கள். அந்த நோய் உலகிலேயே இல்லை என்று 2011இல் அறிவித்தார்களே, அது மாட்டைப் பிடித்துக் கொடுத்த உழவர்களால் நடந்தது. அதற்காகக் காட்டு விலங்குக்கு ஊசி போடவில்லை. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் வீட்டு மாட்டுக்குப் போட்டதிலேயே வில்டபீஸ்ட் என்ற காட்டு விலங்கும் காட்டெருமையும் பிழைத்துப் பெருகின. கோடியக்கரையில் வெளிமான் மேயும் காட்டோரம் நம் மாடும் மேய்கிறது. நாளைக்கு வெளிமானுக்கு ஊசி என்று ஜீப் வந்தால், "முதலில் என் தொழுவத்து மாடு அத்தனைக்கும் போட்டாயிற்றா?" என்றுதான் நாமும் கேட்போம். கேட்க வேண்டும்.

எதிரணி சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று அதே இங்கிலாந்தில் இருக்கிறது. கார்ன்வாலில் உழவர்களே முன்நின்று, விஞ்ஞானிகளோடு சேர்ந்து நான்கு ஆண்டுகள் பேட்ஜருக்கு ஊசி போட வைத்தார்கள். தொடக்கத்தில் சோதித்த பேட்ஜர்களில் 16 சதவீதத்துக்கு நோய் தெரிந்தது. நான்காம் ஆண்டில் ஒன்றுக்கும் இல்லை. சிறிய பரப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே உழவர் ஒதுங்கி நிற்கவில்லை.

எங்கள் தெருவுக்கும் பிறகு ஓர் இளம் மருத்துவர் வந்தார். ஐஸ் பெட்டியைத் திறந்து, மருந்துக் குப்பியின் குளிர்ச்சியை எங்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மாட்டுக்கு மாடு புது ஊசி. இரண்டு நாள் பால் குறையும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார். வயலுக்கு ஓட்டிய மாடுகளை வீட்டுக்காரர்களே திருப்பிப் பிடித்து வந்தார்கள். என் செவலையை நான்தான் மூக்கணாங்கயிறு பிடித்து நிறுத்தினேன். அதே தெரு, அதே மக்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.