மணியோசையைக் கேளுங்கள்: ஆண்மைக் குறைவும் ஆய்வுக்கூட விலங்குகளும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, உடலியங்கியல், சிறுநீரகவியல் துறைகளின் பேராசிரியப் பெருமக்களே, கூச்சத்தைப் புறந்தள்ளிவிட்டு வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். இப்பொருளை வெளிப்படையாகப் பேச மேடை தந்த விழாக்குழுவினருக்கும், தமக்குரிய நேரத்தில் ஒரு பகுதியை எனக்கு விட்டுக்கொடுத்த தலைவர் அவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்பது நான் எந்த மேடையிலும் சொல்லாமல் விடாத பழமொழி. ஆண்களின் விறைப்புக் குறைபாட்டைப் பற்றி விலங்குகள் நமக்குக் கற்பித்தது என்ன, விலங்கு மாதிரிகள் எங்கே மனிதனுக்குப் பொருந்தாமல் போகின்றன என்னும் இரண்டையும் பேச எண்ணியுள்ளேன்.

1863இல் எக்கார்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர், நாயின் இடுப்பு நரம்புகளை மின்சாரத்தால் தூண்டி விறைப்பை உண்டாக்கிக் காட்டினார். இன்றும் எலியின் நரம்பைத் தூண்டி, ஆணுறுப்பினுள் ஏறும் அழுத்தத்தை அதன் இரத்த அழுத்தத்தோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்னும் மருந்து செலுத்தப்பட்ட எலி நீரிழிவு நோயாளிக்கும், கொழுப்பு மிகுந்த தீவனம் உண்ட முயல் கொலஸ்ட்ரால் மிகுந்தவருக்கும், நரம்பு நசுக்கப்பட்ட எலி புராஸ்டேட் அறுவைக்குப் பின் அல்லலுறுபவருக்கும் மாதிரிகளாகின்றன.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். அமெரிக்க மருந்தியல் அறிஞர் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துப் பல்லாண்டு ஆராய்ந்தவர். உயிருள்ள உடலில் இரத்தக்குழாயை விரிக்கும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள், அவருடைய துண்டுகளை மட்டும் சுருக்கியது. 1978இல் ஒரு நாள் அவருடைய உதவியாளர் செய்முறையில் ஒரு படியைத் தவறவிட்டார். அன்று அதே வகைப் பொருளொன்று துண்டைத் தளர்த்திவிட்டது. பிழையான சோதனை என்று ஒதுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் ஒதுக்கவில்லை. தேடித் தேடிப் பார்த்தபோது, துண்டைத் தயாரிக்கையில் குழாயின் உட்புறம் உரசி, அதன் மெல்லிய உட்படலம் இத்தனை காலமும் அழிந்துகொண்டிருந்தது புலப்பட்டது! படலம் இருந்தால் குழாய் தளரும், இல்லையேல் தளராது. 1980இல் அதை வெளியிட்டார். அப்படலம் சுரப்பது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது பின்னர் தெளிவாயிற்று. 1990இல் அமெரிக்க மருந்தியல் அறிஞர் இக்னாரோவின் குழுவினர், முயலின் ஆணுறுப்புத் திசுவைத் தளர்த்துவதும் அதுவே என்று காட்டினர். 1998இல் ஃபர்ச்காட்டும் இக்னாரோவும், மற்றோர் அமெரிக்க அறிஞரான முராடும் நோபல் பரிசு பெற்றனர்; அவ்வாண்டிலேயே விறைப்புக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரைக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

அன்பர்களே, அந்த உட்படலம் இதயத் தமனியிலும் இருக்கிறது. ஆணுறுப்புத் தமனியின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனிக்கு 3 முதல் 4. ஆகவே பழுது பெரும்பாலும் சிறிய குழாயிலேயே முதலில் தெரிகிறது. நெஞ்சுவலி சில ஆண்டுகள் கழித்து வரக்கூடும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே!

பொருந்தாமை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலியின் ஆணுறுப்பில் எலும்பு உண்டு, மனிதனுக்கில்லை. அதைவிடப் பெரிய வேறுபாடு, எலிக்கு வெட்கமில்லை என்பதே. மனிதனோ வெட்கத்தால் மருத்துவரிடம் வாய் திறவாமல் மாத்திரையை மறைவாக வாங்குகிறான். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்பவர் அதனுடன் சில்டெனாஃபிலையும் விழுங்கினால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு வீழும். கேட்டால்தான் சொல்வார்கள்; நாம்தான் கேட்க வேண்டும். எனவே முதல்வர் அவர்களிடம் இந்த அவையின் முன்பாகவே வேண்டுகிறேன்: நீரிழிவுப் பிரிவிலும் இரத்த அழுத்தப் பிரிவிலும் ஒவ்வோர் ஆணுக்கும் நிரப்பப்படும் படிவத்தில் விறைப்பு பற்றிய கேள்வி ஒன்றைச் சேர்க்க ஆணையிடுங்கள், குறை உண்டு என்பவருக்குச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், இதயப் பரிசோதனைகளை அன்றே தொடங்கச் செய்யுங்கள்.