எக்ஸ்ரேயில் தெரியாத கழுத்து வலி

நேயர்களுக்கு வணக்கம். கழுத்து வலி என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அக்காமார்கள். விடியுமுன்னே கம்பத்தில் ஜீப் பிடித்து, கம்பம்மெட்டு ஏறி, கேரளத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவர்கள். வளைவில் ஜீப் நின்றிருக்கும். பின்னால் வந்த வண்டி லேசாக இடித்திருக்கும். அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நன்றாக இருக்கும். "படத்துல ஒண்ணுமில்ல, வேலைக்குப் போகாம இருக்க சாக்கு" என்று வீட்டிலேயே பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பேச்சு தப்பு.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர் மனோகர் பஞ்சாபியின் குழு இதை ஆராய்ந்து, 1997-இல் முடிவை வெளியிட்டது. இறந்தவர்களின் கழுத்து எலும்புத் தொடரைச் சோதனை வண்டியில் பொருத்தி, பின்னாலிருந்து இடிப்பது போலத் தள்ளிப் பார்த்தார்கள். இடி விழுந்ததும் இருக்கை முதுகை முன்னால் தள்ளுகிறது. தலை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதன் எடை 5 கிலோ அளவு. அந்தக் கணத்தில் கழுத்தின் மேல்பகுதி குனிகிறது, கீழ்ப்பகுதி அளவுக்கு மீறிப் பின்னால் மடங்குகிறது. பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில 'எஸ்' வடிவம். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இது நடந்துவிடுகிறது; தசை விழித்துக்கொண்டு கழுத்தைத் தாங்குவதற்கு நேரமே கிடைப்பதில்லை. எலும்புகளுக்குப் பின்புறமுள்ள சின்ன மூட்டுகளைச் சுற்றிய சவ்வு அப்போது இழுபடுகிறது. பக்கத்தில் இருப்பவரோடு தலையைத் திருப்பிப் பேசிக்கொண்டிருந்தால் இன்னும் அதிகமாக இழுபடும். சவ்வு எக்ஸ்ரேயில் விழாது. ஆனால் வலி நிஜம்.

சரி, என்ன செய்வது? எலும்பு முறிவு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் மாதக்கணக்கில் கழுத்தில் காலர் பட்டை மாட்டிக்கொண்டு படுக்க வேண்டாம். இந்த மாதிரிக் கழுத்து வலியை ஆராய்ந்த கனடாவின் கியூபெக் நிபுணர் குழு 1995-லேயே, முடிந்தவரை சீக்கிரம் வழக்கமான நடமாட்டத்துக்குத் திரும்பச் சொன்னது. வலி பொறுக்கும் அளவுக்கு மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பழகுங்கள்.

காரில் போகிறவர்கள், இருக்கையின் மேலே தலைக்குப் பின்னால் இருக்கும் தலைசாய்ப்பானைப் (ஹெட்ரெஸ்ட்) பிடரிக்குக் கீழே விடாதீர்கள்; உச்சந்தலை உயரத்துக்கு ஏற்றி, தலையை ஒட்டினாற்போல வையுங்கள். நம் ஜீப்பின் பின்பெஞ்சில் அது கிடையாது. அங்கே ஆளைக் குறைத்து ஏற்றுவதும் மெதுவாக ஓட்டுவதும்தான் வழி. ஜீப் உரிமையாளர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து செய்யுங்கள்.

அப்புறம் ஒன்று. கை கால் மரத்துப்போனால், பலம் குறைந்தால், சிறுநீர் அடங்காமல் போனால் எண்ணெய் தேய்க்கவோ, நெட்டி எடுக்கவோ கூடாது. தலையை அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மலைக்கு அந்தப் பக்கமும் இதே எண்தான்.