முப்பத்திரண்டு ரெக்கார்டு நோட்டுகள்

வணக்கம் நேயர்களே.

கல்லூரியில் அறிவியலை இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பி.எஸ்ஸி. இயற்பியல் பிள்ளைகளோடு இருந்தவன் நான். எனக்குத் தெரிந்த இடத்தில் இருந்தே தொடங்குகிறேன். அது எங்கள் ஆய்வக மேசை.

ஒரு வருடம், பிராக்டிகல் தேர்வுக்கு முந்தின வாரம், முதலாண்டு ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தனி ஊசல் சோதனை. நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆடவிட்டு, ஆடும் நேரத்தை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது ‘ஜி’யைக் கணக்கிட வேண்டும். மொத்தம் முப்பத்திரண்டு நோட்டுகள். முதல் நோட்டில் 9.80. அடுத்ததில் 9.81. அப்புறம் 9.81, 9.80, திரும்பவும் 9.81. பாதி நோட்டு முடிந்தபோது என் கை நின்றுவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஒரு நூல், ஒரு இரும்புக் குண்டு, கட்டைவிரலால் அமுக்குகிற ஸ்டாப் வாட்ச், மரத்தால் ஆன மீட்டர் ஸ்கேல். இதை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு பேர் உண்மையாக அளந்தால் ஒருவருக்கு 9.6 வரும், இன்னொருவருக்கு 9.9 வரும், யாராவது ஒருவருக்குப் பத்தைத் தாண்டும். அப்படித்தான் வர வேண்டும். அதுவும் போக, நம் தென் மாவட்டங்களில் ‘ஜி’யின் மதிப்பு 9.81 கிடையாது. பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும் துருவத்தில் அது 9.83, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு 9.78. என் பிள்ளைகள் நோட்டில் எழுதியிருந்தது புத்தகத்தில் அச்சாகியிருந்த எண்ணை.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. “ஆன்சர் வரலை சார்” என்று முகம் வாடி வந்து நின்ற பையனை, “ரிப்பீட் பண்ணுப்பா” என்று வருடா வருடம் திருப்பி அனுப்பியவன் நான்தான். இரண்டு தடவை திரும்பப் போனவன் மூன்றாவது தடவை ரீடிங்கைச் சரிக்கட்டிக்கொண்டு வருவான். நான் சிவப்பு மையில் டிக் அடிப்பேன். சூத்திரத்தை நாங்களே கொடுத்துவிடுகிறோம். எந்தப் பத்தியில் எதை எழுதுவது என்று அட்டவணையைப் போட்டுக் கொடுக்கிறோம். கடைசியில் என்ன எண் வர வேண்டும் என்பதையும் செய்முறைக் கையேட்டில் அச்சடித்து வைக்கிறோம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

இந்த இடத்தில் சர் சி.வி. ராமனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, ஒளியைப் பிரித்து அளக்கும் சாதாரணக் கல்லூரி ஸ்பெக்ட்ரோமீட்டரில் ப்ரிசத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். இன்றைக்கும் நம் ஊர் பி.எஸ்ஸி. மாணவர்கள் எல்லோரும் செய்கிற அதே சோதனைதான். அதைச் செய்யும்போது ஒளியில் சில பட்டைகள் அவர் கண்ணில் பட்டன. இரண்டு பக்கமும் அவை ஒரே மாதிரி இல்லை. கோணத்தைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாமல், ஏன் இப்படி இருக்கிறது என்று பின்னாலேயே போனார். 1906இல் லண்டனில் இருந்து வந்த ‘ஃபிலசாஃபிக்கல் மேகசின்’ என்ற ஆய்விதழில் அது கட்டுரையாக வெளிவந்தது. அவருக்கு அப்போது 18 வயது. அந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் நம்மிடமும் இருக்கிறது. “அந்தப் பட்டை என்ன சார்?” என்று இன்று ஒரு மாணவி கேட்டால், “அது சிலபஸில் இல்லைம்மா, கோணத்தை எடு” என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். எனக்கு இது மனதை உறுத்துகிறது.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அடுத்த வருடம் முதல் வாரத்தில் கையேட்டைக் கொடுக்கவில்லை. நூலையும் குண்டையும் கொடுத்து, ஆடவிடுவதற்கு முன்னால் ஒரு தாளில் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னேன். குண்டு கனமாக இருந்தால் சீக்கிரம் ஆடி முடிக்குமா? நூலின் நீளத்தை நாலு மடங்காக்கினால் ஒரு அலைவுக்கு ஆகும் நேரம் எத்தனை மடங்காகும்? பென்சிலால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. தப்பாக இருந்தால் மார்க் குறைக்கமாட்டேன் என்றும் சொன்னேன். நிறையப் பேர் நாலு மடங்கு என்றுதான் எழுதினார்கள். ப்ளஸ் ஒன்னில் இதே சோதனையைச் செய்து, சூத்திரத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள்தான் அவர்கள். ஆடவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு மடங்குதான் ஆனது. அந்த அறையில் எழுந்த சத்தம் அதற்கு முன் நான் கேட்காதது. ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வகுப்பில் ஒரு மாணவி. கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவள். என்னிடம் வந்து, “சார், எனக்கு ஆன்சர் இறங்கிக்கிட்டே வருது” என்றாள். அட்டவணையைப் பார்த்தேன். நீளம் எதுவானாலும் ‘ஜி’ ஏறக்குறைய ஒன்றாகத்தான் வர வேண்டும். அவளுக்கோ நீளம் 30 சென்டிமீட்டரில் 10.19. ஐம்பதில் 10.02. எண்பதில் 9.93. நூறில் 9.90. ரிப்பீட் என்ற சொல் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “ஏன் இறங்குது? நீயே சொல்லேன்” என்றேன். அவள் கிராஃப் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிடை அச்சில் நீளம், நிலை அச்சில் நேரத்தின் வர்க்கம். புள்ளிகள் அழகாக ஒரு நேர்க்கோட்டில் விழுந்தன. ஆனால், கோட்டைக் கீழே நீட்டியபோது அது பூஜ்யத்துக்கு வந்து சேரவில்லை. இரண்டு சின்னக் கட்டத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப் போய் நீள அச்சைத் தொட்டது. அதாவது 1.2 சென்டிமீட்டர்.

அரை மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து போய் வெர்னியர் காலிபரை எடுத்துக் குண்டை மறுபடி அளந்தாள். விட்டம் 2.4. பாதி 1.2. திரும்பி என்னைப் பார்த்த அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. “சார், நூல் நீளத்தோட குண்டோட ஆரத்தை, அதாவது விட்டத்துல பாதியைத்தான் கூட்டணும். நான் விட்டத்தைக் கூட்டிட்டேன்.” கோட்டின் சாய்வில் இருந்து ‘ஜி’யைக் கணக்கிட்டால் இந்தத் தவறு ஒட்டவே ஒட்டாது என்பதையும் அவளே சொன்னாள். கணக்கிட்டாள். 9.77 வந்தது. அன்றைக்கு மற்றவர்கள் இரண்டு சோதனை முடித்தார்கள், அவள் ஒன்றுதான் முடித்தாள். மூன்று மணி நேர பிராக்டிகலில் ஒரு மாணவி இதைவிட அதிகமாக இயற்பியல் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஆய்வகத்தில் நடந்தது தியரி வகுப்பிலும் நடக்குமா என்ற ஆசை வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மாசுர் என்ற இயற்பியல் பேராசிரியர் செய்ததை அப்போதுதான் படித்தேன். அவருடைய வகுப்புகளுக்கு மாணவர்களிடம் நல்ல பெயர். 1990 வாக்கில், அடிப்படைக் கருத்துகள் புரிந்திருக்கிறதா என்று பார்க்கும் எளிமையான தேர்வு ஒன்றைத் தன் மாணவர்களுக்கு வைத்தார். பெரிய பெரிய கணக்குகளைப் போட்டவர்கள் அதில் தடுமாறினார்கள். ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். நம் வகுப்பில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மனதுக்குள் எல்லோரிடமும் அந்தக் கேள்வி இருக்கிறது.

மாசுர் கண்ட வழி எளிமையானது. கொஞ்ச நேரம் பாடம், பிறகு ஒரு கேள்வி. முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்துத் தன் பதிலைக் காட்ட வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம், நீ ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று வாதாட வேண்டும். மறுபடியும் பதிலைக் காட்ட வேண்டும்.

நான் கேட்ட முதல் கேள்வி இது. மணல் லாரியும் மொபெட்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. யார் மேல் அதிக விசை? மொபெட் மேல் என்றால் ஒரு விரல், லாரி மேல் என்றால் இரண்டு, சமம் என்றால் மூன்று. நெஞ்சோடு வைத்துக் காட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டாம் என்றேன். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய வகுப்பு அது. முக்கால்வாசிப் பேர் ஒரு விரலைக் காட்டினார்கள். சரி, பேசுங்கள் என்று விட்டுவிட்டேன். வகுப்பே சந்தைக்கடை ஆனது. கடைசி பெஞ்சில் ஒருவன் சொன்னது காதில் விழுந்தது: “அடி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்டா. மொபெட்டு லேசா இருக்கு, அதனால தூக்கி எறியுது. விசை வேற, முடுக்கம் வேற.” பதினைந்து வருடமாக நான் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாததை அவன் மூன்று வரியில் முடித்துவிட்டான். அவனுக்கு அது புரிந்து இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. எங்கே இடறும் என்பது அவனுக்கு இன்னும் நினைவிருந்தது. எனக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது.

அவன் அதைத் தமிழில் சொன்னான் என்பதைக் கவனியுங்கள். நம் கல்லூரிகளுக்கு வருகிறவர்களில் ஏராளமானவர்கள் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழி பி.எஸ்ஸி.யில் சேருகிறார்கள். அவர்கள் வகுப்பில் பேசாமல் இருப்பதைப் பார்த்து, புரியவில்லை போல என்று நினைத்துவிடுகிறோம். கேள்வியைத் தமிழில் போட்டு, தமிழில் வாதாட விட்டுப் பாருங்கள். ஆங்கிலக் கலைச்சொல்லைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். புரிந்துவிட்ட கருத்துக்குப் பெயர் சூட்ட அதிக நேரம் ஆகாது.

இது என் ஒருவனின் அனுபவம்தானே என்று கேட்கலாம். 1998இல் ரிச்சர்ட் ஹேக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 62 இயற்பியல் வகுப்புகளின், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்வு முடிவுகளைத் திரட்டினார். ஆசிரியர் மட்டும் பேசிய வகுப்புகளில், தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில் ஏறக்குறைய 23 சதவீதத்தைத்தான் மாணவர்கள் பிடித்திருந்தார்கள். மாணவர்களும் பேசி, விவாதித்து, செய்துபார்த்த வகுப்புகளில் அது 48 சதவீதம். 2014இல் அறிவியல், பொறியியல், கணிதம் எல்லாவற்றிலும் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை வகுப்புகளில் நூற்றுக்கு 34 பேர் தோற்றார்கள், மாணவர்களும் பங்கெடுத்த வகுப்புகளில் 22 பேர். நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அரியர் இல்லாமல் வெளியே வருவது என்றால் நம் வீடுகளில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று. இப்படி நடத்த ஆரம்பித்த முதல் மாதத்திலேயே என்மேல் புகார் போனது. “சார் பாடமே நடத்த மாட்டேங்கிறார், எங்களையே பேசச் சொல்றார், நோட்ஸ் தர்றதில்லை.” எனக்கு அது மிகவும் வலித்தது. பழையபடி போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பல வருடம் கழித்து, 2019இல் ஹார்வர்டில் நடந்த ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது. தெளிவான விரிவுரையைக் கேட்ட மாணவர்கள் நிறையக் கற்றுக்கொண்டதாக நினைத்தார்கள். தாங்களே போராடிக் கற்றவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வு வைத்துப் பார்த்தால் போராடியவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். ஆகவே இப்படி நடத்த நினைக்கும் இளம் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன்: முதல் நாளே இந்த ஆய்வைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். தலை வலிக்கும், குழப்பமாக இருக்கும், அது நல்லதுதான் என்று சொல்லிவிடுங்கள்.

தடைகள் எனக்குத் தெரியாமல் இல்லை. நவம்பர், ஏப்ரல் என்று வருடத்துக்கு இரண்டு செமஸ்டர். ஐந்து யூனிட்டையும் முடித்தாக வேண்டும். நம் அரசுக் கல்லூரிகளில் பல துறைகள் கௌரவ விரிவுரையாளர்களின் உழைப்பில் நடக்கின்றன. அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் போய்ப் புதுமுறையில் நடத்துங்கள் என்று கேட்பது நியாயமில்லை. முதலில் அவர்கள் வேலைக்கு ஓர் உறுதி கொடுக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வினாத்தாளும் மாற வேண்டும். ஐந்து வருட வினாத்தாளைப் புரட்டினால் பார்ட் சி-யில் வரும் பெரிய கேள்விகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நிலை இருக்கும்வரை எந்த மாணவர் யோசிக்க வருவார்?

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இரண்டே வேண்டுகோள். செய்முறைக் கையேட்டில் ‘நிலையான மதிப்பு’ என்று அச்சாகியிருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். பிராக்டிகல் தேர்வில் சரியான விடைக்கு ஒதுக்கும் மதிப்பெண்ணில் பாதியை, தன் விடை ஏன் இப்படி வந்தது என்று மாணவர் எழுதும் பத்திக்குக் கொடுங்கள். இதற்குப் புதிய கருவி வேண்டாம், ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

மாணவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கு உங்களுக்கு பிராக்டிகல் இருக்கிறதா? அப்சர்வேஷன் நோட்டில் முதல் ரீடிங் எடுப்பதற்கு முன்னால், என்ன வரும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதை ஒரு வரி பென்சிலால் எழுதி வையுங்கள். ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று இன்னொரு வரி. பிறகு அளந்து பாருங்கள். வேறு மாதிரி வந்தால் அந்த இரண்டு வரியையும் அழிக்காமல் உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வணக்கம்.